மொட்டை கார் விற்பனைக்கு

என் கணவர் இங்கிலாந்தில் கண் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பியபோது, அவரோடு படித்தவர்கள் ஃபிரிட்ஜும் டேப் ரெக்கார்டரும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர் ஒரு காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு பேர் உட்காரக்கூடிய காராக இருந்திருந்தால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதில் இரண்டே சீட். மேலே கூரை கிடையாது. இஞ்சின் இருக்கும் முன்பக்கம் மட்டும் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் போல நீண்டு கிடக்கும். சக்கரங்களில் சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள். உள்ளே உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் தரை தட்டும்.

என்னைப் பெண் பார்க்க அந்தக் காரில்தான் வந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா, முக்காட்டைப் பிடித்தபடி. மற்றவர்கள் பின்னால் குதிரை வண்டியில். எங்கள் வீடு தறிக்கார வீடு. அப்பாவுக்குப் பட்டுச் சேலை வியாபாரமும் உண்டு. அவர் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் காரைப் பார்த்தார். கரும்பச்சை உடம்பு, உள்ளே அரக்கு நிறத்தில் தோல் சீட். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பச்சைக்கு அரக்கு நன்றாக எடுக்கிறது என்று சொன்னார். சம்பந்தம் முடிந்தது அப்போதே என்று அம்மா பிறகு சொல்வாள்.

காஞ்சிபுரத்தில் அதை யாரும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மொட்டை கார் என்றார்கள். என்னை மொட்டை கார் டாக்டர் சம்சாரம் என்றார்கள்.

கார் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் அது அதிகம் ஓடவில்லை. ஓடுவதற்கு இடம் இல்லாததுதான் காரணம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடும் ஆஸ்பத்திரியும் ஒரே சந்தில், ஒட்டினாற்போல இருந்தன. வேலைக்குப் போக அவருக்குச் செருப்புக்கூடத் தேவையில்லை. காலையில் காரை எடுக்கலாம் என்றால் சந்து முனையில் பாவு போட்டிருப்பார்கள். பாவு என்றால் சேலையின் நீளவாட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் ஆள் நீளத்துக்குப் பல மடங்காக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சரி செய்வார்கள். அந்த நேரத்தில் சைக்கிள்காரன்கூட இறங்கிக் குனிந்துதான் போவான். வெயில் ஏறி அவர்கள் பாவைச் சுருட்டும்போது ஆஸ்பத்திரியில் கூட்டம் சேர்ந்துவிடும். சாயங்காலம் தெருவெல்லாம் சைக்கிள். ஏதாவது ஒரு கோயிலில் உற்சவம் இல்லாத வாரம் எங்கள் ஊரில் இல்லை என்பதால் சாமி புறப்பாடு வேறு. ஆகவே வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் விடுதலை. மேற்கே புளியமரச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவோம்.

மீதி நாளெல்லாம் அவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். தறி வீடுகளிலிருந்து கழிவுப் பட்டு நூலை வாங்கிவந்து பந்து மாதிரி சுருட்டி வைத்திருந்தார். கம்பிச் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பிக்கும் இடையில் விரலை விட்டுத் துடைப்பார். எங்கள் பெரிய பெண்ணைக் குளிப்பாட்டும்போது அவர் அவ்வளவு கவனமாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அவருக்கு முதுகுவலி. புளியமரத்தடியில் இறங்கிப் போய் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, நீ ஓட்டு என்றார். முதல் நாள் வண்டி குதித்துக் குதித்துப் போய்ப் படுத்துவிட்டது. பிறகு வாராவாரம் ஓட்டினேன். லைசென்சும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் மறுபடி இடம் மாறிக்கொள்வோம். ஏன் என்று நாங்கள் இரண்டு பேருமே பேசிக்கொண்டதில்லை.

பெரிய பெண் பிறந்த பிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தோம். இரண்டாவது குழந்தை வயிற்றில் என்று தெரிந்தபோது கணக்கு இடித்தது. இரண்டு சீட்டில் நாலு பேர் எப்படி? நான் கேட்கவில்லை, என் மாமியார் கேட்டார். மகன் சாப்பிட்டு எழுந்து காரைத் துடைக்கப் போனார். ஒரு வாரம் கழித்து, மெட்ராஸ் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய விளம்பரத்தை என்னிடம் நீட்டினார். இங்கிலாந்தில் செய்த விளையாட்டுக் கார், நன்றாகப் பேணப்பட்டது, மிகக் குறைந்த தூரமே ஓடியது, ஒரே சொந்தக்காரர், தகுந்தவர்கள் மட்டும் அணுகவும். கல்யாண விளம்பரம் மாதிரி இருக்கிறதே, கோத்திரம் போடவில்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வந்தவர்களில் முதலாவது ஒரு சினிமா கம்பெனி மேனேஜர். கதாநாயகி ஒரு பாட்டு முழுக்க இந்தக் காரில் போகிறாள் என்றார். வண்டியைச் சுற்றி வந்து, ரொம்பப் பிடித்திருக்கிறது, ரோஸ் கலர் அடித்துவிட்டால் போதும் என்றார். என் கணவர் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு கட்சிக்காரர். தேர்தலுக்குத் திறந்த வண்டி வேண்டுமாம். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. செருப்போடு சீட்டின் மேல் ஏறி நின்று, கும்பிட்டபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் காபியும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். பூ ஜோடிக்க எந்தெந்த இடத்தில் ஆணி அடிக்கலாம் என்று பானெட்டைத் தட்டிப் பார்த்ததோடு அவர் கதையும் முடிந்தது.

என் கணவருக்கு விற்கிற எண்ணமே இல்லை என்பது எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று. எனக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறு. தகுந்தவர் வருவதற்குள் பிரசவமே ஆகிவிடும் போலிருந்தது.

அந்தச் சமயத்தில் அவர் திருவண்ணாமலைப் பக்கம் கண் முகாமுக்குப் போனார். ஒரு வாரம் ஆகும். காரைக் கேட்டு யாராவது வந்தால் நான் வந்த பிறகு வரச்சொல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன இரண்டாம் நாள் காலையில், நன்றாக விடிந்து கொஞ்ச நேரத்தில், ஒரு விவசாயியும் அவர் மனைவியும் வந்தார்கள். திருப்புட்குழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர், சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து கிடந்ததை என் கணவர்தான் ஆபரேஷன் செய்திருந்தார். அந்தக் காலத்தில் புரை எடுத்தவர்களுக்குக் கொடுக்கும் கண்ணாடி, சோடா பாட்டில் அடி மாதிரி தடியாக இருக்கும். அதற்குப் பின்னால் அவருடைய கண்கள் இரண்டும் பெரிசாக, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டபடியே இருந்தன.

கண் காட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, டாக்டர் ஊரில் இல்லையே என்றேன். கண்ணுக்கு வரவில்லை, காருக்கு வந்திருக்கிறோம் என்றார் விவசாயி. போன தடவை வந்தபோது கம்பவுண்டர் சொன்னாராம். கொட்டகையில் இருந்த காரை இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். அவர் சக்கரத்தை உதைத்துப் பார்க்கவில்லை, மைல் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்கவில்லை. வண்டிக்கு மேலே கையை நீட்டி, காற்றைத் தடவுவதுபோலத் தடவினார்.

“இதுக்கு மேல மூடி எதுவும் வராதில்லம்மா?”

மழைக்கு ஒரு துணி மூடி உண்டு, வேண்டாமென்றால் போடவேண்டியதில்லை என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் கூரை இல்லையே என்றுதான் குறை சொல்லியிருந்தார்கள். கூரை இல்லாததற்காக ஒருவர் சந்தோஷப்பட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு மூடின வண்டி எதுவும் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலே, வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே வயிற்றைப் புரட்டும். வாடகைக் காரும் அப்படித்தான். ஆபரேஷனுக்கு வந்ததுகூட மாட்டு வண்டியில்தான். இருக்கிற ஊருக்குள் அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் அவருடைய அக்காவை ஆரணிக்கு அந்தப் பக்கம் கொடுத்திருக்கிறது. அக்காவுக்குக் கால் முடக்கம், நடக்க முடியாது, வர முடியாது. மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ அவ்வளவு தூரம் போகவும் முடியாது. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

“ஒரு தபா ஓட்டிக் காட்டச் சொல்லும்மா. இவளுக்கு ஒத்துக்குதான்னு பாத்துட்டா போதும்” என்றார்.

யாரை ஓட்டச் சொல்வது? கம்பவுண்டருக்குச் சைக்கிள் மட்டும் தெரியும். திருப்பி அனுப்பியிருக்கலாம், அதுதான் எனக்கு இட்ட உத்தரவும். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். வாந்தி வந்தால் முகர்வதற்காக வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன்.

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். மாமியார் பெரிய பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் போ, வித்துட்டு வா என்றார். சாவியை எடுத்துவந்து தந்ததும் அவர்தான்.

சந்து முனைக்கு வந்தால் பாவு. மயில்கழுத்து நிறத்தில், சந்தின் வாயை அடைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெருக்கல் குறி மாதிரி நாட்டிய மூங்கில்கள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் என் அம்மாவின் தம்பியும் ஒருவர். மாமா நிமிர்ந்து பார்த்தார். காரைப் பார்த்து, அதை ஓட்டிவந்த என்னைப் பார்த்து, வழக்கமாக நான் உட்காரும் பக்கத்தில் இருந்த அந்த அம்மாவைப் பார்த்தார். மொத்தத் தெருவும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார். இந்த அம்மாவுக்கு வாந்தி வருகிறதா என்று பார்க்கப் போகிறேன் என்றேன். அதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. மாமா மேலே ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஏறும்வரை பொறுத்தால் பாவைச் சுருட்டிவிடுவோம் என்றார். எனக்கும் அது தெரிந்ததுதான். பின்னால் நடந்து வந்த விவசாயி, அதற்குள் உச்சி வந்துவிடும், வெயில் ஏறினால் இவளுக்குத் தலை சுற்றும், அப்புறம் வாந்தி வண்டியாலா வெயிலாலா என்று தெரியாமல் போய்விடும் என்று கவலைப்பட்டார்.

மாமா வந்து காரின் பக்கத்தில் நின்றார். கதவின் மேல்விளிம்பு அவர் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

“முன்னாடி கண்ணாடிய மடக்கலாமா?” என்றார்.

மடக்கலாம். திருகாணி இரண்டைத் தளர்த்தினால் முன்கண்ணாடி பானெட் மேல் படுத்துவிடும். இங்கிலாந்தில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்காக அப்படிச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. நான் இறங்கி மடக்கினேன்.

“இஞ்சின நிறுத்திடு. பொகை பட்டா பட்டு பாழாப் பூடும். நாங்க தள்ளிக்கறோம்.”

நாலைந்து பேர் மூங்கில்களோடு சேர்த்துப் பாவைத் தூக்கிப் பிடித்தார்கள். மாமாவும் விவசாயியும் பின்னால் நின்று தள்ளினார்கள். தலையைக் குனிந்துகொள்ளுங்கள் என்றார்கள். என் வயிற்றோடு குனிய முடியவில்லை. நான் சீட்டில் பின்பக்கமாகச் சரிந்து படுத்துக்கொண்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்து அப்படியே செய்தார். கார் ஊர்ந்து பாவுக்கு அடியில் போயிற்று. முகத்துக்கு ஒரு முழத்துக்கு மேலே பட்டு இழைகள். அவற்றின் ஊடே காலை வெளிச்சம் இறங்கி, எங்கள் கை, சேலை, மூக்கு எல்லாம் நீலமும் பச்சையுமாக இருந்தது. நான் பிறந்ததிலிருந்து பாவுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தினமும் அதன் அடியில் குனிந்து ஓடியிருக்கிறேன். நிமிர்ந்து படுத்துப் பார்த்ததில்லை.

அந்த அம்மா வாயைத் திறந்ததே அங்கேதான்.

“எத்தினி இழ. ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுதும்மா” என்றார்.

அந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடியை நிமிர்த்தினேன். பெரிய சாலை முனையில் விவசாயி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். வண்டியில் அவருக்கு இடம் கிடையாதே. எந்தக் காரணத்துக்காகவோ தன் தோள் துண்டை எடுத்து மனைவியின் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் மேற்கே கிளம்பினோம்.

பக்கத்தில் என் கணவர் இல்லாமல் நான் ஓட்டிய முதல் தடவை அது. கொஞ்ச தூரம் ஸ்டியரிங்கை உடும்பு மாதிரி பிடித்திருந்தேன். அப்புறம் கை தானாகத் தளர்ந்தது. ஐப்பசி கழிந்து இரண்டு பக்கமும் பச்சை. ஏரி நிரம்பியிருந்தது. அந்த அம்மா ஆரம்பத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகிலேயே வைத்திருந்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனேன். பழம் மூக்கிலிருந்து மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. பிறகு அதை மறந்துவிட்டார். அவருக்குப் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. அதோ கொக்கு என்றார். அது ஆள் இல்லை, சோளக்கொல்லை பொம்மை என்று தானே சொல்லித் தானே சரி செய்துகொண்டார். ஒரு பஸ்ஸைத் தாண்டிப் போனோம். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

“பாவம், உள்ள கெடந்து பொழுங்கறாங்க.”

இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமா என்று கேட்டது நானா அவரா என்பது எனக்கு நினைவில்லை. போனோம்.

திருப்புட்குழி நெருங்கும்போது சாலையின் குறுக்கே கேழ்வரகுத் தட்டைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மிதித்தால் தானியம் உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் அது ஒன்றுமில்லை. எங்கள் வண்டியின் வயிறோ தரையோடு இருக்கிறது. வேகத்தைக் குறைக்க பிரேக்கை மிதித்தேன். பிரேக் இறங்கவில்லை. குனிந்து பார்த்தால் பெடலுக்கு அடியில் மஞ்சளாக எதுவோ. அந்த அம்மாவின் மடியிலிருந்து உருண்டுபோன எலுமிச்சம்பழம்.

புது வண்டிக்குச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். பிரேக்குக்கு அடியில் வைத்து நசுக்கியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா, பழம் என்று மட்டும் சொன்னேன். அவர் குனிந்து தேடினார். நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எதிரே வரும் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக ஒடித்தேன். வண்டி கேழ்வரகுத் தட்டின் மேல் வழுக்கிக்கொண்டு, தன் போக்கில் வேகம் குறைந்து, சாலையோரம் குவித்திருந்த வைக்கோல் போரில் மூக்கை நுழைத்து நின்றது. போரின் மேல்பாதி சரிந்து எங்கள் மேல் விழுந்தது. கூரை இல்லாததன் குறை அப்போதுதான் தெரிந்தது.

வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் வயிற்றைத் தொட்டது.

“ஒண்ணும் ஆவலியே கண்ணு?”

ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்தவள் ஒரு உதை விட்டுத் தான் இருப்பதைத் தெரிவித்தாள். உங்களுக்கு எப்படி இருக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் தன் வயிற்றின் மேல் கையை வைத்து, அது என்ன சொல்கிறது என்று கவனிப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

“பசிக்குது” என்றார்.

இரண்டு பேரும் வைக்கோலுக்குள்ளேயே உட்கார்ந்து அப்படிச் சிரித்தோம். போர்க்காரர்கள் கோபமாகத்தான் ஓடிவந்தார்கள். துண்டு கட்டிய தலையைப் பார்த்ததும், இது நம்ம மேலண்டை வீட்டு அம்மா இல்லையா என்று ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். வண்டியை இழுத்து வெளியே விட்டார்கள். பக்கத்து வீட்டில் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள். நான் இரண்டு சொம்பு குடித்தேன்.

திரும்பி வரும்போது நசுங்கிய பழத்தை அந்த அம்மா வெளியே வீசிவிட்டார். டீக்கடையில் காத்திருந்தவர் எழுந்து ஓடிவந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். ஊருக்குள் நான் இடம் மாறி உட்காரவில்லை. மாறி உட்கார ஆளும் இல்லை. வீடுவரை நானே ஓட்டிவந்து கொட்டகையில் விட்டேன்.

முகாமிலிருந்து வந்த கணவரிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொட்டகைக்குப் போய்க் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். இடதுபக்க விளக்கு வளையத்தில் ஒரு நெளிவு இருந்தது, பச்சையில் ஒரு கீறல். அவற்றைத் தடவிப் பார்த்தார். ரேடியேட்டர் கம்பிகளுக்குள்ளிருந்து ஒரு வைக்கோலை உருவி எடுத்தார். அதைக் கையில் வைத்தபடியே உள்ளே வந்தார். உனக்கு அடிபடவில்லையே என்று முதலில் கேட்டார். அந்த வரிசையை நான் கவனித்துக்கொண்டேன். பிறகு, அந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றார்.

டிராக்டர் ஓட்டுவார் என்றேன்.

“அதான் பயமா இருக்கு” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். இவர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். இந்த வண்டிக்கு உதிரி பாகம் இங்கே கிடைக்காது. கிராமத்து வழியில் அடி தட்டும். விளக்கு வேறு நெளிந்திருக்கிறது. விவசாயி எல்லாவற்றுக்கும் சரிதான் சரிதான் என்று தலையாட்டினார். கடைசியில் அந்த அம்மாதான் பேசினார்.

“கட்டு அவுத்த அன்னிக்கு, மொதல்ல யார பாக்கணும்னு கேட்டீங்க. எங்கக்காவன்னு சொன்னேன். போய்ப் பாத்துட்டு வாங்கன்னு நீங்கதான் ஐயா சொன்னீங்க.”

கட்டு அவிழ்க்கும்போது அவர் எல்லாரிடமும் அதைக் கேட்பார். பயம் தெளிவதற்காகக் கேட்கும் கேள்வி அது. பேரனை என்பார்கள், சாமியை என்பார்கள். இவரும் போய்ப் பார்த்துட்டு வாங்க என்று சிரித்துக்கொண்டே சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அதை ஒருத்தி இத்தனை நாள் மனதில் வைத்திருப்பாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு எழுந்து, வாங்க, கியர் சொல்லித் தர்றேன் என்று விவசாயியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

நாலைந்து ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. முதல் நாள் திரும்பி வந்தபோது என் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விவசாயி வண்டியை உழவு ஓட்டுகிற வேகத்தில், வளைவு வந்தால் எழுந்து நின்று பின்னால் திரும்பிப் பார்த்தபடி ஓட்டினாராம். இரண்டாம் வாரம் பரவாயில்லை என்றார். மூன்றாம் வாரம் இவர் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து இறங்கினார். அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாப்பா போப்பா என்று பேசிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். கடைசி வாரம் வண்டி அவர்கள் கிராமத்திலேயே தங்கிவிட்டது. இவர் பஸ்ஸில் வந்தார். பட்டு நூல் பந்தையும் அவரிடமே கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ரொம்ப நேரம் குளித்தார்.

பிறகு கறுப்பு நிறத்தில், கூரையும் நாலு கதவும் உள்ள ஒரு பெரிய காரை வாங்கினோம். நான் ஓட்டுவது ஊருக்கே தெரிந்துபோனதால், அதை ஓட்டும் வேலை பெரும்பாலும் எனக்கே வந்தது. நாலைந்து தெருப் பெண்கள் பிரசவத்துக்குப் போனதும் அந்தக் காரில்தான்.

எனக்கு இரண்டாவது பெண் பிறந்து மூன்று மாதம் இருக்கும். அந்த அம்மா குழந்தையைப் பார்க்க வந்தார். வாசலில் மொட்டை கார் நின்றது. பச்சை நிறம் புழுதியில் தெரியவில்லை, பின்னால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஒரு கூடை கட்டியிருந்தது. என் கணவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்த அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆரணி போன கதையைச் சொன்னார்.

விடியற்காலம் கிளம்பிப் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் புழுதி. துண்டால் முண்டாசு கட்டி, குளிருக்காகப் புருஷனின் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது முகம் முழுக்கச் செம்மண். கண்ணாடி வேறு. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா பார்த்துவிட்டு, யாருப்பா நீ, ஆம்பள யாரும் வூட்ல இல்ல என்றாராம்.

“நான் பேசவே இல்ல. கிட்ட போயி நின்னு அவளப் பாத்துக்கினே இருந்தேன். எங்கக்கா கெழவியாப் பூட்டா கண்ணு. நான் அவளோட பழைய மூஞ்சியவே நெனச்சிக்கினு இருந்துட்டேன். துண்ட அவுத்தேன். அப்பதான் கண்டுக்கினா. கண்டுக்கினு என்னா சொன்னா தெரியுமா? நீ ஏண்டி இப்பிடிக் கெழவியாப் பூட்டன்னு அழுவறா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். சாப்பாடு ஆனதும் அக்காவுக்கும் வண்டியில் ஏறவேண்டும் என்று ஆசை வந்துவிட்டதாம். தூக்கி உட்காரவைத்தார்கள். இரண்டே சீட் என்பதால் தங்கை வாசலில் நிற்க, விவசாயி அக்காவை ஊரைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். ஒரு சுற்று வந்து நிறுத்தினால் அக்கா இறங்க மாட்டேன் என்கிறாராம். ஏரிக்கரை வரை போகலாம் என்றாராம். போய் வந்தால், கோயில் பக்கம் இன்னும் பார்க்கவில்லையே என்றாராம்.

“எனக்குன்னு வாங்கின வண்டி. நான் வாசல்ல நின்னுக்கினு, அது போறதையும் வர்றதையும் பாத்துக்கினு இருந்தேன்” என்றார் அந்த அம்மா. அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது என்றுதான் நினைக்கிறேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போகவேண்டும் என்று எழுந்தார்.